நிலத்தடி எரிவாயுக் கிடங்குகளும் நில அதிர்வுக் கண்காணிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நில இயற்பியல் பாடம் நடத்துகிறேன். ஐரோப்பாவின் நிலத்தடி எரிவாயுக் கிடங்குகள் பற்றியும், அவற்றைச் சுற்றிக் கருவிகள் வைத்து நடத்தும் 'பாஸிவ்' நில அதிர்வுக் கண்காணிப்பு பற்றியும் செய்தி வரும்போதெல்லாம் என்னிடம் கேள்விகள் வந்து சேர்கின்றன. மாணவர்கள் கேட்கிறார்கள், வெளிநாட்டில் குடியேறிய நண்பர்கள் கேட்கிறார்கள், டெல்டாவில் நிலம் வைத்திருக்கும் உறவினர்களும் கேட்கிறார்கள். சொற்கள் மாறினாலும் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப அவையேதான். கேட்டவர்களின் பேச்சை ஒட்டியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பிறகு.

பூமிக்கு அடியில் எரிவாயுவைச் சேமிப்பது என்றால் பெரிய தொட்டி ஒன்றைப் புதைத்து வைக்கிறார்களா?

இல்லை. பெரும்பாலான கிடங்குகள் வற்றிப்போன பழைய எண்ணெய், எரிவாயு வயல்கள்தான். அங்கே தொட்டியும் இல்லை, குகையும் இல்லை, பாறைதான் இருக்கிறது. காய்ந்த செங்கல்லைத் தண்ணீரில் போட்டால் குமிழி விட்டுக்கொண்டே நீரைக் குடிக்கும். செங்கல்லில் ஓட்டை எதுவும் கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் நீருக்கு இடம் இருக்கிறது. ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் மணற்பாறையும் சுண்ணாம்புப் பாறையும் அப்படித்தான் வாயுவைக் குடித்து வைத்திருக்கின்றன. அதற்கு மேலே, வாயுவைக் கசிய விடாத களிமண் பாறையோ உப்புப் படிவமோ மூடி போல அமர்ந்திருக்கும்.

இது புதிய யோசனையும் அல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வெல்லண்ட் பகுதியில் 1915-லேயே இதைச் செய்து பார்த்தார்கள். இன்று உலகில் அறுநூறுக்கும் மேற்பட்ட கிடங்குகள் இயங்குகின்றன. நீர் தாங்கும் பாறைகளிலும், உப்புப் படிவத்தைத் தண்ணீர் விட்டுக் கரைத்து உண்டாக்கிய குகைகளிலும் வாயுவைச் சேமிப்பது உண்டு. உப்புக் குகை தனி ரகம். அதைப் பிறகு சொல்கிறேன்.

எடுத்த வாயுவை மறுபடியும் ஏன் உள்ளே அனுப்ப வேண்டும்?

குளிர் நாடுகளில் வீடுகளைச் சூடாக்கும் தேவை குளிர்காலத்தில் பல மடங்கு ஏறுகிறது. குழாயில் வரும் வரத்து அந்த அளவுக்கு ஏறாது. அதனால் கோடையில் நிரப்பி, குளிரில் எடுக்கிறார்கள். அறுவடையில் குதிரில் நெல்லை நிரப்பி, ஆண்டு முழுவதும் எடுத்துச் சமைத்த வீடுகளின் கணக்குதான் இது. ஒரு வேறுபாடு உண்டு: வற்றிய வயலில் நிரப்பும் வாயுவில் சுமார் பாதி, அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதற்காக எப்போதும் உள்ளேயே இருந்தாக வேண்டும். அது மெத்தை போலக் கிடக்கும், விற்பனைக்கு வராது.

'பாஸிவ்' கண்காணிப்பு என்கிறீர்களே, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதா?

நாமாக நிலத்தை அதிரச் செய்வதில்லை என்பதுதான் அதன் பொருள். எண்ணெய் தேடும்போது கனரக லாரிகளை வைத்து நிலத்தைத் தட்டி, கீழேயிருந்து வரும் எதிரொலியைப் பதிவு செய்வார்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் முறையில் தட்டுவதே கிடையாது. பாறை தானாக எழுப்பும் ஓசைகளை இரவு பகலாக, ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். தமிழில் இதைச் 'செவிமடுக்கும் முறை' என்று சொல்லவே எனக்குப் பிடித்திருக்கிறது.

வேலை குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு நிலையம் மூன்று திசைகளின் அசைவையும் நொடிக்கு 250 முறை பதிவு செய்தால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஆறரைக் கோடி எண்கள் சேரும். அதில் முக்கால்வாசிக்கும் மேல் லாரி, ரயில், காற்று, கடல் அலை ஆகியவற்றின் இரைச்சல்தான். அந்தக் குவியலிலிருந்து பாறை நகர்ந்த ஒரு கணத்தைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

என்ன கருவி வைக்கிறார்கள்? எங்கே வைக்கிறார்கள்?

நில அதிர்வுமானிகளையும், ஜியோபோன் எனப்படும் சிறிய அதிர்வு உணர்விகளையும் வைக்கிறார்கள். வலுவான குலுக்கலை அளப்பதற்கு முடுக்கமானிகளும் உண்டு. கிடங்கைச் சுற்றிலும், கூடுமானவரை எல்லாத் திசையிலும் அவற்றைப் பரப்புவார்கள். ஊர் இரைச்சலைத் தவிர்க்க, நூறு மீட்டர் அளவுக்கு ஆழ்துளை போட்டு அதற்குள் இறக்குவதும் உண்டு. ஆழத்தில் போக்குவரத்து ஓசை வெகுவாக அடங்கிவிடும்.

நெதர்லாந்தின் பெர்கர்மீர் கிடங்கில் இன்னும் ஒரு படி மேலே போய், ஆழமான கிணறு ஒன்றுக்குள் ஜியோபோன் வரிசையையே தொங்கவிட்டார்கள். பாறைக்குப் பக்கத்திலேயே காதை வைப்பது போன்றது அது. இப்போது ஒளியிழை கேபிளையே நீண்ட உணர்வியாகப் பயன்படுத்தும் முறையும் பரவி வருகிறது.

ரிக்டர் அளவு மைனஸில் கூடப் போகும் என்று படித்தேன். அச்சுப் பிழையா?

பிழை இல்லை. 1935-ல் சார்லஸ் ரிக்டர் அந்த அளவுகோலை வகுத்தபோது, அன்றைய கருவிகள் காணக்கூடிய மிகச் சிறிய அதிர்வுகளின் பக்கத்தில் பூஜ்ஜியத்தை வைத்தார். இன்றைய கருவிகள் அதைவிடச் சிறியவற்றையும் கேட்கின்றன. ஆகவே எண் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்குகிறது.

ஒரு கணக்கு சொன்னால் விளங்கும். அளவு 0 என்பது, சுமார் பத்து மீட்டர் ஆரமுள்ள பாறைத் துண்டு ஒன்று தலைமுடியின் தடிமனைவிடச் சற்றே அதிகமாக நழுவுவது. மேலே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. அளவு 4 என்றால் அரைக் கிலோமீட்டர் ஆரமுள்ள பரப்பு சில சென்டிமீட்டர் நழுவியிருக்கும். ஊர் முழுவதும் உணரும். அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். இரண்டு கூடினால் ஆயிரம் மடங்கு.

வாயுவை அடைத்தால் நிலம் ஏன் அதிர வேண்டும்?

பூமியின் பாறைகளில் பழைய வெடிப்புகள் ஏராளம். இரு பக்கமும் நகர்ந்திருக்கும் பெரிய வெடிப்பைப் பிளவுப் பெயர்ச்சி என்கிறோம். சுருக்கமாகப் பிளவு என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கப் பாறைகளும் நழுவத் துடித்துக்கொண்டிருக்கும். மேலிருந்து அழுத்தும் பாரமும் உராய்வும்தான் அவற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. பாறையின் நுண்துளைகளில் திரவமோ வாயுவோ அழுத்தத்தோடு ஏறினால் அந்தப் பிடி தளரும். ஏற்கெனவே நழுவும் நிலையில் இருந்த பிளவு நழுவிவிடும்.

இது ஊகம் அல்ல. அமெரிக்காவின் கொலராடோவில் ரேஞ்ச்லி எண்ணெய் வயலில் 1969-லிருந்து சில ஆண்டுகள் அந்நாட்டு நிலவியல் ஆய்வுத் துறை நேரடியாகச் சோதித்துப் பார்த்தது. நீரைச் செலுத்தி அழுத்தத்தை ஏற்றினால் சிறு நிலநடுக்கங்கள் பெருகின. அழுத்தத்தை இறக்கினால் அடங்கின. நம் நாட்டில் 1967 டிசம்பரில் கொய்னா அணைப் பகுதியைக் குலுக்கிய பெரிய நிலநடுக்கத்தையும், நீர்த்தேக்கம் தூண்டிவிட்ட நடுக்கத்துக்கு உலகெங்கும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்.

அப்படியானால் எல்லாக் கிடங்குகளும் நடுங்கிக்கொண்டே இருக்குமா?

இல்லை. பெரும்பாலானவை அமைதியாகவே இருக்கின்றன. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பயம் அளவுக்கு மீறிப் பரவியிருக்கிறது. வற்றிய வயலில் பொதுவாக, இயற்கை அங்கே வைத்திருந்த அழுத்தத்தைத் தாண்டாமல்தான் நிரப்புகிறார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகள் அந்தப் பாறை தாங்கிய சுமை அது.

ஆனால் 'இயற்கையின் அழுத்தத்துக்குத்தானே திரும்புகிறோம்' என்பதை முழு உத்தரவாதமாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வயலைக் காலி செய்யும்போதே பாறை சுருங்கி, பிளவின் இரு பக்கமும் இழுபறி உண்டாகிவிடும். பெர்கர்மீரில் தொடக்கத்தில் சுமார் 230 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) இருந்த அழுத்தம் உற்பத்தியால் இருபதுக்கும் கீழே போனது. கிடங்காக மாறுவதற்கு முன்பே, 1994-லும் 2001-லும் அங்கே அளவு 3-ஐ எட்டிய நான்கு அதிர்வுகள் ஏற்பட்டன, பெரியது 3.5. வாயுவை எடுத்ததால் வந்தவை அவை. அந்த வயலைக் கிடங்காக்கியபோது, அதே பிளவுகளோடுதான் வாழ வேண்டியிருந்தது. ஆகவேதான் மேலே சொன்னபடி கிணற்றுக்குள்ளேயே கருவி இறக்கினார்கள்.

ஸ்பெயினில் ஒரு கிடங்கையே மூடிவிட்டார்களாமே, உண்மையா?

உண்மை. காஸ்டோர் என்பது அதன் பெயர். வலென்சியா வளைகுடாவில் கரையிலிருந்து சுமார் 21 கி.மீ. தள்ளி, கடலடியில் அம்போஸ்தா என்ற பழைய எண்ணெய் வயல் இருக்கிறது. 1970, 80-களில் எண்ணெய் கொடுத்த வயல். அதை 130 கோடி கன மீட்டர் வாயு கொள்ளும் கிடங்காக்கத் திட்டமிட்டார்கள். 2013 செப்டம்பரில், உள்ளேயே தங்க வேண்டிய வாயுவைச் செலுத்திக்கொண்டிருந்தபோது சிறு அதிர்வுகள் தொடங்கின. நாளுக்கு நாள் எண்ணிக்கை கூடியது. செப்டம்பர் நடுவில் செலுத்துவதை நிறுத்தினார்கள். நின்றுவிடும் என்று எதிர்பார்த்தார்கள், நிற்கவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் அளவு 4-ஐத் தாண்டிய அதிர்வுகள் வந்தன. மொத்தத்தில் ஆயிரத்துக்கும் மேல்.

வினரோஸ், அல்கனார் போன்ற கடலோர ஊர்களில் மக்கள் அவற்றை உணர்ந்தார்கள். வீடுகள் இடியவில்லை, உயிர்ச் சேதமும் இல்லை. ஆனால் அவ்வளவாக நிலநடுக்கம் அறியாத ஊர்கள் அவை. இரவில் கட்டில் ஆடினால் அங்கிருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கிடங்கு பிறகு ஒருபோதும் இயங்கவில்லை. திட்டத்தைக் கைவிட்டதற்கு இழப்பீடாக 2014-ல் அரசு ஒப்புக்கொண்ட தொகை 135 கோடி யூரோ. அதன் சுமை எரிவாயு நுகர்வோர் தலையில் ஏற்றப்பட்டது, பல ஆண்டுகள் வழக்குகள் நடந்தன. 2019-ல் அதைக் கலைத்துவிட முடிவு செய்தார்கள். நான் இந்தத் துறையில் படித்தவற்றுள் மனத்தைவிட்டு நீங்காத கதை இதுதான். அடுத்த இரண்டு கேள்விகளும் இதிலிருந்தே பிறக்கின்றன.

செலுத்துவதை நிறுத்திய பிறகு எப்படி அதைவிடப் பெரிய அதிர்வு வரும்? நிறுத்தினால் நிற்க வேண்டாமா?

குழாயை மூடினால் தண்ணீர் நிற்கும்; ஆனால் வயலில் விட்ட தண்ணீர் அதற்குப் பிறகும் வரப்புக்கு வரப்பு ஊறிக்கொண்டே போகும். பாறையிலும் இதுவே நடக்கிறது. கிணற்றடியில் ஏற்றிய அழுத்தம் மெதுவாகச் சுற்றிலும் பரவுகிறது. நிறுத்திய பிறகுதான் சற்றுத் தொலைவிலுள்ள பிளவைச் சென்றடைகிறது என்றும் நேரலாம். அதோடு, ஒரு பிளவுத் துண்டு நழுவினால் அதன் சுமையை அடுத்த துண்டு ஏற்க வேண்டியிருக்கிறது, அதுவும் நழுவலாம்.

காஸ்டோர் மட்டுமல்ல. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2006 டிசம்பரில் புவிவெப்பத் திட்டம் ஒன்றுக்காக நீரைச் செலுத்தினார்கள். அதிர்வுகள் கூடியதும் நிறுத்தினார்கள்; சில மணி நேரத்தில் அளவு 3.4 அதிர்வு நகரை உலுக்கியது. வாரங்கள் கழிந்து இன்னும் சில வந்தன.

கருவிகள் இருந்தனவே, எந்தப் பிளவு நழுவியது என்று ஏன் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டார்கள்?

கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. கண்காணிப்பின் உயிர்நாடியும் இதில்தான் இருக்கிறது.

பாறை நழுவும்போது இரண்டு விதமான அலைகள் கிளம்புகின்றன. முதன்மை அலை முன்னால் ஓடி வரும். இரண்டாம் நிலை அலை பின்னால் வரும். மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நொடிகளை எண்ணி, மழை எவ்வளவு தூரத்தில் பெய்கிறது என்று சொல்வோமே, அதுபோல இந்த இரண்டு அலைகளுக்கும் இடைப்பட்ட நேரம் தூரத்தைச் சொல்லும். பல நிலையங்களின் தூரங்களை ஒன்று சேர்த்தால் இடம் கிடைக்கும். ஆனால் நிலையங்கள் எல்லாத் திசையிலும் இருக்க வேண்டும். ஊர்வலத்தின் மேளச் சத்தத்தைத் தெருவின் ஒரே முனையில் நிற்கும் மூன்று பேர் கேட்டால், ஊர்வலம் எந்தப் பக்கம் வருகிறது என்று சொல்லிவிடுவார்கள். எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று துல்லியமாகச் சொல்ல மாட்டார்கள். ஆழம் அதைவிடக் கடினம். ஆழத்தைச் சரியாகப் பிடிக்க, அதிர்வுக்கு நேர் மேலேயோ வெகு அருகிலேயோ ஒரு கருவி வேண்டும்.

காஸ்டோர் கடலில் இருந்தது. இடத்தைக் கணக்கிடப் பயன்பட்ட நிலையங்கள் ஏறக்குறைய எல்லாமே கரைப்பக்கம். விளைவு என்னவென்றால், சில ஆய்வுகள் அதிர்வுகள் சுமார் 2 கி.மீ. ஆழத்தில், கிடங்கை ஒட்டி நடந்தன என்றன. வேறு சில, அதே பதிவுகளை இன்னும் நுட்பமான பாறை மாதிரியோடு கணக்கிட்டு, சுமார் 6 கி.மீ. ஆழம் என்றன. இரண்டும் நேர்மையான ஆய்வுகளே. ஆனால் 2 கி.மீ. என்றால் ஒரு பிளவு, 6 கி.மீ. என்றால் வேறு பிளவு, வேறு வழிமுறை, எதிர்காலத்தில் எவ்வளவு பெரியது வரக்கூடும் என்ற மதிப்பீடும் வேறு. கோடிக்கணக்கான யூரோ செலவிட்ட திட்டத்தில் கடலடியில், கிடங்குக்குப் பக்கத்தில் முன்கூட்டியே சில கருவிகள் வைத்திருந்தால் இந்த விவாதத்தின் பெரும்பகுதி எழுந்தே இருக்காது. எத்தனை கருவி என்பதைவிட எங்கே கருவி என்பது முக்கியம். இதை நான் எந்த வகுப்பிலும் சொல்லாமல் விடுவதில்லை.

வாயு நிரப்புவதற்கு முன்பே கேட்க ஆரம்பிக்க வேண்டுமாமே? ஒன்றும் நடக்காதபோது எதைக் கேட்பது?

அந்த 'ஒன்றும் நடக்காத' காலத்தின் பதிவுதான் பின்னால் எல்லாவற்றுக்கும் சாட்சி. ஒரு நிலப்பகுதிக்கு இயல்பாகவே எத்தனை அதிர்வு வருகிறது, எங்கே வருகிறது என்று தெரியாவிட்டால், பிறகு வரும் அதிர்வு புதியதா பழையதா என்று எப்படிச் சொல்வது? 2014-ல் இத்தாலி வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பணி தொடங்குவதற்குக் குறைந்தது ஓராண்டுக்கு முன்பே கண்காணிப்பைத் தொடங்கச் சொல்கின்றன. வாயு தேங்கும் பாறையை ஒட்டிய உள்வட்டத்தில் அளவு 0-க்கும் 1-க்கும் இடைப்பட்டவற்றையும் பிடிக்க வேண்டும், இடத்தைச் சில நூறு மீட்டர் துல்லியத்தில் சொல்ல வேண்டும் என்றும் அவை கேட்கின்றன. கண்காணிப்பை நடத்துவது கிடங்கு நிறுவனத்தைச் சாராத அறிவியல் அமைப்பாக இருக்க வேண்டும் என்ற விதிதான் அவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

நல்ல எடுத்துக்காட்டாக, அந்நாட்டின் வடகிழக்கே ட்ரெவீசோ மாவட்டத்திலுள்ள கொல்லால்தோ கிடங்கைச் சொல்லலாம். பக்கத்திலேயே மொன்டெல்லோ என்னும் உயிர்ப்புள்ள பிளவு இருப்பதால் மக்களுக்குக் கவலை இருந்தது. 2012 முதல் பத்து நிலையங்கள் கொண்ட வலையமைப்பு ஒன்றை ஓ.ஜி.எஸ். என்னும் அரசு ஆராய்ச்சி நிறுவனம் நடத்துகிறது. கிடங்கு தூண்டிவிட்டதாகச் சொல்லத்தக்க அதிர்வு எதுவும் முதல் ஆண்டுகளின் பதிவில் தென்படவில்லை. நல்ல காதுகளோடு கேட்டு 'இல்லை' என்று சொல்வது, கேட்காமலே சொல்வதைப் போன்றதல்ல.

சிக்னல் விளக்கு மாதிரி ஒரு முறை இருக்கிறதாமே?

இருக்கிறது. எல் சால்வடோர் நாட்டின் பெர்லின் புவிவெப்பத் திட்டத்தில் 2003-ல் இதை நடைமுறைப்படுத்தினார்கள். பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. அதிர்வு ஓர் எல்லைக்குள் இருந்தால் பச்சை: வேலை தொடரும். தாண்டினால் மஞ்சள்: வேகத்தைக் குறைக்க வேண்டும். இன்னும் தாண்டினால் சிவப்பு: நிறுத்த வேண்டும். இத்தாலிய நெறிகள் நடுவே ஆரஞ்சையும் சேர்த்து நான்காக்கின.

இந்த முறையின் பலவீனத்தை மேலே பார்த்துவிட்டோம்: நிறுத்திய பிறகும் பெரியது வரலாம். சிவப்பு எல்லையை 3-ல் வைத்துவிட்டு 3 வரும் வரை காத்திருந்தால் காலம் கடந்திருக்கும். எல்லையை மிகவும் தாழ்வாக, இயல்பான அதிர்வுகளே தாண்டும் அளவில் வைத்தால் எந்த வேலையும் நடக்காது. எங்கே வைப்பது என்பது அந்தந்த இடத்தின் பாறையையும், மேலே குடியிருப்பவர்களையும் பொறுத்தது. சிவப்பு எரிந்தால் யார் கையெழுத்தில் இயந்திரம் நிற்கும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்.

கிடங்கு இருக்கும் பகுதியில் நிலநடுக்கம் வந்தால் கிடங்குதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிடலாமா?

கூடாது. 2012 மே மாதம் இத்தாலியின் எமிலியா பகுதியில் அளவு 6-ஐ ஒட்டிய இரண்டு நிலநடுக்கங்கள் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தன. அங்கே ரிவாரா என்ற ஊரில் எரிவாயுக் கிடங்கு அமைக்கும் திட்டம் ஒன்று பேச்சில் இருந்தது. கிடங்குதான் காரணம் என்று வதந்தி காட்டுத்தீயாகப் பரவியது. ஆனால் அங்கே கிடங்கே அமைக்கப்படவில்லை! ஒரு கன மீட்டர் வாயுவும் உள்ளே போகவில்லை. மக்களைக் குறை சொல்ல மாட்டேன்; வீட்டையும் உறவையும் இழந்தவர்கள் காரணம் தேடுவது இயல்பு. சர்வதேச நிபுணர் குழு ஒன்றை அமைத்து விசாரிக்க வேண்டியதாயிற்று.

காரணம் சொல்வதற்குப் பல சாட்சிகள் ஒன்றுசேர வேண்டும். அதிர்வு கிடங்கின் ஆழத்திலா நடந்தது? அழுத்த மாற்றத்துக்குப் பிறகா? முன்பு அங்கே அதிர்வே இல்லையா? அழுத்தம் ஏறி இறங்கும்போது அதிர்வும் ஏறி இறங்குகிறதா? இவற்றில் முதலாவதற்கு நல்ல இடத்தில் கருவிகளும், மூன்றாவதற்கு, வாயு நிரப்புவதற்கு முந்தைய காலத்தின் பதிவும் தேவை. அவை இல்லையென்றால், 'கிடங்குதான்' என்பவரும் 'கிடங்கு இல்லை' என்பவரும் சம அளவில் இருட்டில் நிற்கிறார்கள்.

இந்தக் கருவிகள் நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்லுமா?

நாள், நேரம், அளவு குறித்துச் சொல்ல மாட்டா. நுண்ணதிர்வுகள் எங்கே கூடுகின்றன, எந்தப் பிளவு விழித்திருக்கிறது என்பதைக் காட்டும். அதிலிருந்து அபாயம் கூடுகிறதா குறைகிறதா என்று மதிப்பிடலாம்.

உப்புக் குகை தனி ரகம் என்றீர்களே, ஏன்?

உப்பு கல்லைப் போல உடையாமல், மெழுகைப் போல மெல்ல நெளியும். அதனால் வெடிப்புகளைத் தானே மூடிக்கொள்ளும். வாயுவை அடக்க அருமையான பாறை. அங்கே நாம் அஞ்சுவது பிளவு நழுவுவதைவிட, குகையின் கூரையோ சுவரோ பெயர்ந்து விழுவதைத்தான். சரிவுக்கு முன் உள்ளே கல் உதிரும். அந்த ஓசை பதிவாகும். ஆகவே மேலே சொன்ன 'முன்கூட்டிச் சொல்லாது' என்பதற்கு இங்கே ஓரளவு விலக்கு உண்டு.

அமெரிக்காவின் லூசியானாவில் பையூ கோர்ன் என்ற சிற்றூரில் 2012 கோடையில் மக்கள் வாரக்கணக்கில் நிலம் அதிர்வதையும், நீர்நிலைகளில் குமிழி வருவதையும் கண்டார்கள். ஆகஸ்ட் 3 அன்று நிலம் பெரும்பள்ளமாக உள்வாங்கியது. உப்புநீர் எடுத்த பழைய குகையின் பக்கச் சுவர் சரிந்திருந்தது. அது எரிவாயுக் கிடங்கு அல்ல, ஆனால் பாறை அதே உப்புதான். பிரான்சின் லொரேன் பகுதியில் செர்வில் என்ற இடத்தில் ஒரு குகையைச் சுற்றி முன்கூட்டியே கருவிகளைப் பதித்துக் காத்திருந்து, 2009 பிப்ரவரியில் அது சரிந்ததை முழுமையாகப் பதிவு செய்தார்கள். சரிவுக்கு முன் நுண்ணதிர்வுகள் பெருகியதை அந்தப் பதிவு காட்டியது.

வாயு கசிந்தால் இந்தக் கருவிகளில் தெரிந்துவிடும் அல்லவா?

தெரியும் என்று நம்பியிருக்கக் கூடாது. கலிபோர்னியாவின் அலிசோ கேன்யன் கிடங்கில் 2015 அக்டோபர் 23 அன்று ஒரு கிணற்றில் கசிவு தொடங்கியது. அடைக்க 2016 பிப்ரவரி வரை ஆனது. சுமார் ஒரு லட்சம் டன் மீத்தேன் காற்றில் கலந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. காரணம் 1950-களில் தோண்டிய கிணற்றின் உறைக்குழாய் துருப்பிடித்து உடைந்தது. பாறை நழுவவில்லை, ஆகவே நில அதிர்வு வலையமைப்பு சொல்ல வேண்டிய செய்தியும் அங்கே இல்லை.

கன்சாஸ் மாநிலத்தின் ஹட்சின்சனில் 2001 ஜனவரியில் நடந்தது இன்னும் கொடியது. உப்புக் குகைக் கிடங்கின் கிணற்றுக் குழாயில் கசிந்த வாயு நிலத்தடியில் பத்து கிலோமீட்டருக்கும் மேல் பயணித்து நகருக்குள் வெடித்தது, இருவர் இறந்தார்கள். இத்தகைய விபத்துகளைத் தடுப்பது குழாய்ச் சோதனை, சிமென்ட் சோதனை, அழுத்த அளவீடு ஆகியவை. அதிர்வுமானி இருக்கிறது என்பதற்காக இவற்றில் எதையும் குறைத்துக்கொள்ள ஒரு நிறுவனத்தை அனுமதிக்கக் கூடாது.

என் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். 'ராக் பர்ஸ்ட்' என்று பயத்தோடு சொல்வார். அதுவும் இதுவும் ஒன்றா?

உறவுதான். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாகக் குடைந்த சுரங்கம் அது. பாறையை வெட்டி எடுத்ததும் மிச்சமுள்ள பாறையின் மேல் சுமை குவிந்து, திடீரென்று வெடித்துச் சிதறும். கிடங்கில் காரணம் நுண்துளைகளின் அழுத்தம், சுரங்கத்தில் சுமைக் குவிப்பு. இரண்டிலும் பாறை எழுப்பும் அலை ஒரே வகை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு 1978-ல் அங்கே நில அதிர்வு வலையமைப்பு நிறுவப்பட்டது. 1988-ல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனமும் அங்கேயே தொடங்கப்பட்டது. 2001-ல் சுரங்கம் மூடப்பட்டாலும், பாறையைச் செவிமடுக்கும் கலையை இந்தியா கற்ற பள்ளி அதுதான். அங்கே உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள் என்பதை இந்த இடத்தில் நன்றியோடு சொல்ல வேண்டும்.

நம் டெல்டாவில் பழைய எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் இருக்கின்றனவே, அங்கேயும் இப்படிச் செய்வார்களா?

காவிரிப் படுகையில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிறார்கள். உள்ளே அனுப்பிச் சேமிக்கும் கிடங்கு அங்கே இல்லை. இந்தியாவில் நிலத்தடிச் சேமிப்பு என்றால் விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய இடங்களின் கச்சா எண்ணெய்க் குகைகளும், விசாகப்பட்டினத்திலுள்ள சமையல் எரிவாயுக் குகை போன்றவையும்தான். அவை கடினப் பாறையில் குடைந்தவை. சுற்றியுள்ள நிலத்தடி நீரின் அழுத்தம்தான் உள்ளிருப்பதை வெளியே விடாமல் காக்கிறது. இந்தப் பக்கத்தில் சொன்ன வற்றிய வயல்களின் கதை அவற்றுக்கு அப்படியே பொருந்தாது.

'ஓராண்டாக ஓர் அதிர்வும் பதிவாகவில்லை' என்று அறிக்கை வந்தால் நிம்மதியாக இருக்கலாமா?

உடனே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் கருவிகளால் எவ்வளவு சிறியதைக் கேட்க முடியும்? பொதுவாக அளவு 3-ல் ஒன்று வந்தால் 2-ல் ஏறத்தாழ பத்தும், 1-ல் நூறும் வந்திருக்கும். ஒரு வலையமைப்பால் 2-க்குக் கீழே கேட்கவே முடியாது என்றால், நூறு நுண்ணதிர்வுகள் நடந்தும் அறிக்கை வெறுமையாகத்தான் வரும். 0.5 வரை கேட்கும் வலையமைப்பின் வெறுமைக்குத்தான் மதிப்பு. அந்த எல்லை எண் இல்லாத அறிக்கையை நான் படிப்பதில்லை. இரவில் கேட்கும் எல்லை வேறு, டிராக்டர்கள் ஓடும் பகலில் வேறு என்பதையும் நல்ல அறிக்கை தனித்தனியாகச் சொல்லும்.

ஆல்க்மார் பக்கம் வீடு வாங்கியிருக்கிறோம். சுவரில் விரிசல் விட்டால், கிடங்கால் வந்தது என்று நாங்கள்தான் நிரூபிக்க வேண்டுமா?

ஆல்க்மாரை ஒட்டித்தான் பெர்கர்மீர் கிடங்கு இருக்கிறது. அதனால் உங்கள் கேள்வி நியாயமானது. நெதர்லாந்தில் இதற்கு ஒரு முன்வரலாறு உண்டு. வடக்கே க்ரோனிங்கன் எரிவாயு வயலில் பல்லாண்டு உற்பத்தியால் நிலநடுக்கங்கள் வந்தன. 2012 ஆகஸ்டில் ஹூய்சிங்கவில் வந்தது அளவு 3.6. ஆயிரக்கணக்கான வீடுகள் விரிசல் விட்டன. ஒவ்வொரு குடும்பமும் தன் விரிசலின் காரணத்தைத் தானே நிரூபிக்கத் தவித்தது. 2016 முடிவில் சட்டம் மாறியது: அத்தகைய சேதம் எரிவாயுப் பணியால் வந்ததென்றே கொள்ளப்படும், இல்லையென்றால் நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும்.

அந்த விதி க்ரோனிங்கன் வயலுக்கும், அதோடு தொடர்புடைய நோர்க் போன்ற கிடங்குகளுக்கும் உரியது. பெர்கர்மீர் அதில் வரவில்லை. ஆகவே உங்கள் பக்கத்துச் சான்றுகளை நீங்களே சேர்த்து வைப்பது நல்லது. வீட்டின் எல்லாச் சுவர்களையும் இப்போதே, விரிசல் இல்லாத நிலையில், தேதியோடு படம் எடுத்து வையுங்கள். அதிர்வை உணர்ந்த நாளையும் மணியையும் எழுதி வையுங்கள். அந்நாட்டு வானிலை நிறுவனமான கே.என்.எம்.ஐ. எல்லா அதிர்வுகளின் இடத்தையும் அளவையும் பொதுமக்கள் பார்க்க வெளியிடுகிறது. உங்கள் குறிப்பை அதோடு ஒப்பிடலாம்.